முஸ்தலிஃபா இரவும் ஒரு போர்வையும்

 

ஹஜ்ஜுக்குப் பெயர் வந்துவிட்ட குடும்பத்தினர் ஒவ்வோர் ஆண்டும் எங்கள் மதரஸாவைத் தேடி வருகின்றனர். இஹ்ராம் கட்டும் முறை, தவாஃபின் சுற்றுக்கள், ஸஃபா மர்வா தொங்கோட்டம், கல்லெறியும் நாட்கள், குர்பானி என்று வரிசையாகக் கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். எல்லாம் முடிந்து, எழுந்து வாசல்வரை சென்று செருப்பை மாட்டிக்கொள்ளும் நேரத்தில், வீட்டுப் பெண்கள் சொல்லியனுப்பிய கேள்வியொன்று கூச்சத்தோடு வெளிவரும். "ஹஸ்ரத், போர்வை எது கொண்டு போகலாம்?"

மார்க்கம் பேசிய இடத்தில் போர்வையைப் பற்றிப் பேசுகிறோமே என்ற கூச்சம் அது. ஒரு காலத்தில் இக்கேள்வியைப் புன்னகையோடு ஒதுக்கியவன்தான் நானும். "வீட்டில் இருப்பதை எடுத்துச் செல்லுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவேன். 2009 ஆம் ஆண்டு, ஹிஜ்ரி 1430 இல், என் உம்மாவை அழைத்துக்கொண்டு அப்புனிதப் பயணம் சென்று வந்தேன். அதன்பின் அந்த ஒரு வரிப் பதிலை எவருக்கும் சொன்னதில்லை. செருப்பைக் கழற்றச் சொல்லி, அவர்களை மீண்டும் உட்காரவைத்து, அரைமணி நேரம் பேசுகிறேன். அப்படிப் பேசுவதைத்தான் இங்கே உங்களுக்காக எழுதுகிறேன்.

கூரையில்லாத ஓர் இரவு

முஸ்தலிஃபா என்பது அரஃபாப் பெருவெளிக்கும் மினாவுக்கும் இடையே, வறண்ட குன்றுகள் காவல் நிற்க, நீண்டு கிடக்கும் சரளைக்கல் நிலம். திருமறையின் அல்பகரா அத்தியாயத்தில் 'மஷ்அருல் ஹராம்' என்று குறிப்பிடப்படுவது இவ்விடத்தையே. துல்ஹஜ் ஒன்பதாம் நாள் சூரியன் மறைந்ததும் அரஃபாவிலிருந்து புறப்படும் ஹாஜிகள் இங்கு வந்து, மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழுது, கல்லெறிவதற்கான பொடிக்கற்களைப் பொறுக்கிக்கொண்டு இரவைக் கழிக்கின்றனர்.

மினாவில் கூடாரம் உண்டு. 1997 ஏப்ரலில் மூண்ட பெருந்தீயில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட ஹாஜிகள் உயிரிழந்த பின்னர், தீப்பற்றாத துணியாலான நிலையான கூடாரங்களை அங்கே அமைத்தார்கள். அரஃபாவிலும் பகற்பொழுதுக்குக் கூடாரம் உண்டு. முஸ்தலிஃபாவிலோ, பெரும்பாலான ஹாஜிகளுக்கு வானமே கூரை, நிலமே படுக்கை. பல இலட்சம் மக்கள் தோளோடு தோள் ஒட்டிப் படுத்திருப்பார்கள். ஊரில் மாளிகை உள்ளவரும் ஒழுகும் ஓட்டு வீட்டில் வாழ்பவரும் ஒரே சரளைக்கல்லின் மீது ஒரே வெள்ளைத் துணியில் கிடக்கும் காட்சியைக் கண்டவர்கள் ஆயுள் முழுதும் மறப்பதில்லை.

நாயகம் (ஸல்) அவர்கள் அவ்விரவில் இரு தொழுகைகளையும் சேர்த்துத் தொழுதுவிட்டு, வைகறைவரை படுத்துறங்கினார்கள் என்று ஜாபிர் (ரலி) அவர்களின் நீண்ட அறிவிப்பு கூறுகிறது. அடுத்த நாளோ கல்லெறிதல், குர்பானி, தலைமுடி களைதல், தவாஃப் என்று உடலை வருத்தும் கடமைகள் நிறைந்த நாள். உறங்குவதே சுன்னத்தாக அமைந்த இரவில், எதைப் போர்த்திக்கொண்டு உறங்குவது என்ற கேள்வி மட்டும் எப்படி அற்பமானதாகும்? எண்ணிப் பாருங்கள்!

ரோஜாப்பூக் கம்பளி

அப்போது எனக்கு வயது இருபத்தொன்பது. வாப்பா மறைந்து ஓராண்டு ஆகியிருந்தது. உம்மாவுக்கு அறுபதை நெருங்கும் வயது. இரு முழங்கால்களிலும் வலி.

சபர் சென்று திரும்பும் நம் பிள்ளைகள் பெட்டியில் மடித்துக் கொண்டுவரும் அந்தத் தடித்த கம்பளியை அறியாத முஸ்லிம் வீடு நம் மாவட்டத்தில் உண்டா? எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்தது. இருவர் படுக்கும் அகலம், இரட்டை அடுக்கு, முகத்தில் வைத்தால் பூனைக்குட்டியைத் தொட்டதுபோல் மென்மை, பெரிய பெரிய ரோஜாப்பூக்கள். விருந்தாளி வந்தால் மட்டுமே அலமாரியிலிருந்து இறங்கும். எடை நான்கரைக் கிலோ. உம்மா குளிரால் வருந்தக் கூடாது என்று அதையேதான் எடுத்துக்கொண்டேன். "எதுக்கு வாப்பா இவ்வளவு பெரிசு?" என்று உம்மா கேட்டார். நான் கேட்கவில்லை. உயர்ந்த பொருளைக் கொண்டு செல்வதே உம்மாவுக்குச் செய்யும் மரியாதை என்று எண்ணிக்கொண்டேன்.

உம்மா தம் பங்குக்கு ஒரு பொருளை எடுத்துக்கொண்டார். பத்தமடையிலிருந்து வாங்கிய மெல்லிய கோரைப் பாய். எங்கள் ஊரிலிருந்து அதிகத் தொலைவில்லை பத்தமடை. தாமிரபரணிப் பகுதியில் விளையும் கோரையைக் கிழித்து, நீரில் ஊறவைத்து, பருத்தி நூலைப் பாவாக ஓட்டி அங்குள்ள லெப்பைக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக நெய்துவரும் பாய் அது. நல்ல நெசவாயின் துணியைப்போல் மடிக்கலாம். உம்மா அதைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

துல்ஹஜ் எட்டாம் நாள், நவம்பர் 25 காலை, நாங்கள் மினாவுக்குப் புறப்பட்ட வேளையில் மழை பிடித்துக்கொண்டது. அன்று ஜித்தா நகரில் பெருவெள்ளம் வந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பதைப் பின்னரே அறிந்தோம். பேருந்திலிருந்து கூடாரம் போய்ச் சேர்வதற்குள் கம்பளி முழுதும் நனைந்துவிட்டது. செயற்கை இழை நீரைக் குடிப்பதில்லை என்பது உண்மை. ஆனால் அடர்ந்த மயிர்களுக்கிடையே புகுந்த நீர் எங்கே போகும்? கூடாரத்தில் விரித்து உலர்த்த இடமில்லை. ஒருவர் படுக்கும் இடமே இரண்டு சாண் அகலம். மடித்தபடியே ஓர் இரவு. மறுநாள் அரஃபாவில் மடித்தபடியே ஒரு பகல். வெளிப்புறம் காய்ந்திருந்தது. உள்மடிப்பில் கையை விட்டால் சில்லென்றது.

கை நழுவிய கணம்

அரஃபாவிலிருந்து பேருந்து ஊர்ந்து ஊர்ந்து முஸ்தலிஃபாவை அடைந்தபோது இரவு பதினொரு மணி. மினா, முஸ்தலிஃபா, அரஃபாவை இணைக்கும் இரயில் அடுத்த ஆண்டில்தான் வந்தது; அன்று பேருந்தை விட்டால் கால்நடைதான். மேம்பாலத்தின் அருகே ஒரு விளக்குக் கம்பத்தடியில் எங்களை இறக்கிவிட்டார்கள். அதே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பேருந்துகள் மக்களைக் கொட்டிக்கொண்டிருந்தன.

இங்கே ஒரு சட்டத்தைச் சொல்லியாக வேண்டும். இஹ்ராமிலுள்ள ஆண் தலையை மூடக் கூடாது என்பதை நாம் அறிவோம். தட்டு, சாக்கு மூட்டை போன்றவற்றைத் தலையில் சுமந்தால் குற்றமில்லை. ஆனால் மனிதர் தலையை மூடப் பயன்படுத்தும் துணிமணிகளைச் சுமந்தால் அது தலையை மூடியதாகவே கொள்ளப்படும் என்று எங்கள் ஹனஃபி மத்ஹபின் சட்ட நூல்கள் கூறுகின்றன. மாணவர்களுக்கு நான் நடத்தும் பாடம் அது. ஆகவே கம்பளியைத் தலையில் வைக்க எனக்குத் துணிவில்லை. ஒரு தோளில் பை. இரு கைகளாலும் கம்பளியை மார்போடு அணைத்துக்கொண்டேன். "உம்மா, என் துண்டின் முனையைப் பிடிச்சுக்குங்க" என்றேன். மேலே போர்த்தியிருந்த இஹ்ராம் துணியின் ஓரத்தைப் பற்றிக்கொண்டு உம்மா பின்னால் வந்தார்.

இருபது அடிகூட நடந்திருக்கமாட்டோம். பக்கவாட்டிலிருந்து ஒரு பெருங்கூட்டம் கைகோத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகக் குறுக்கே வந்தது. என் தோளில் துணி ஒருமுறை இறுகியது. பிறகு தளர்ந்தது. திரும்பிப் பார்த்தேன். துணியின் முனை காற்றில் ஆடியது. உம்மாவைக் காணவில்லை.

இரு கைகளிலும் கம்பளி. அந்தக் கணத்தில் எனக்கு ஒரு கையாவது ஓய்ந்திருந்தால் உம்மாவின் கையைப் பற்றியிருப்பேன். இதை நான் எவ்வளவோ முறை எண்ணிப் பார்த்துவிட்டேன். வேறு காரணம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

கூட்டம் முன்னோக்கி அடித்துச் சென்றிருக்கும் என்று எண்ணி நானும் முன்னோக்கி ஓடினேன். எங்கு நோக்கினும் வெள்ளாடை. படுத்திருப்போர், அமர்ந்திருப்போர், தொழுவோர், கல் பொறுக்குவோர். "உம்மா! உம்மா!" என்று கூவினேன். அரபு நாட்டு மூதாட்டிகள் சிலர் தம் மகன்தான் அழைக்கிறானோ என்று திரும்பிப் பார்த்தனர். உம்மாவிடம் கைபேசி இல்லை. கையில் இந்திய ஹாஜிகளுக்குரிய அடையாள வளையம் மட்டும் உண்டு. தமிழைத் தவிர வேறு மொழி அறியார்.

நடுவில் ஓரிடத்தில் நின்று மஃரிபும் இஷாவும் தொழுதேன். என் வாழ்நாளில் அத்தனை கவனம் சிதறித் தொழுததும் இல்லை. அத்தனை மன்றாடித் தொழுததும் இல்லை. ஸலாம் கொடுத்த பிறகுதான் கவனித்தேன், கையில் கம்பளி இல்லை. எங்கே வைத்தேன், எப்போது வைத்தேன் என்பது இன்றுவரை நினைவில்லை.

இரவு இரண்டரை மணிக்கு, வேறு வழி தோன்றாமல் பேருந்து எங்களை இறக்கிய இடத்திற்கே திரும்பினேன். அந்த விளக்குக் கம்பத்தடியில் உம்மா இருந்தார். நகரவே இல்லை. சிறுவயதில் பொருட்காட்சிக்கு அழைத்துச் செல்லும்போதெல்லாம், "தொலைஞ்சு போனா நின்ன இடத்துலயே நில்லு, நான் வந்து எடுத்துக்கிடுவேன்" என்று எனக்குச் சொல்லித் தந்தவர் அவர். மறந்தவன் நான்.

உம்மா பத்தமடைப் பாயை விரித்திருந்தார். அந்தப் பாயில் அவரோடு மூன்று இந்தோனேசியப் பெண்கள் நெருங்கி அமர்ந்திருந்தனர். அவர்களுள் ஒருத்தி தன் மெல்லிய சாம்பல்நிறப் போர்வையின் பாதியை உம்மாவின் கால்களில் போர்த்தியிருந்தாள். ஒரு சொல்கூட இவர்களுக்கிடையே பொதுவில்லை. பாய் இல்லாதவர்களுக்கு உம்மா பாய் கொடுத்தார். போர்வை இல்லாத உம்மாவுக்கு அவர்கள் போர்வை கொடுத்தனர். அவ்வளவுதான்.

என்னைக் கண்டதும் உம்மா அழவில்லை. என் வெறுங்கைகளைப் பார்த்தார். "அந்தக் கம்பளியை முன்னமே போட்டுட்டு என் கையைப் பிடிச்சிருக்கலாம்லா வாப்பா" என்றார். கோபமில்லை; சாதாரணமாகத்தான் சொன்னார்.

பஜ்ருக்குப்பின் அந்த இந்தோனேசியப் பெண் தன் போர்வையை உதறி, இறுகச் சுருட்டி, ஒரு சிறு பையில் அடைத்தாள். உரிக்காத தேங்காய் அளவுதான் இருந்தது. எடுத்துக்கொடுக்கும் சாக்கில் தூக்கிப் பார்த்தேன். அரைக்கிலோகூட இராது. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு, இரு பக்கமும் தோழியரின் கைகளைப் பிடித்தபடி அவள் மினாவை நோக்கி நடந்தாள்.

அந்த நடையைப் பார்த்தபோது விளங்கியதுதான் இக்கட்டுரையின் சாரம். வாசகர்களே! பயணப் போர்வை என்பது, போர்த்தும் நேரத்தைவிடச் சுமக்கும் நேரம் அதிகமுள்ள பொருள். நான்கு மணி நேர உறக்கத்திற்காக நான்கு நாள் சுமக்கிறோம். ஆகவே அது எவ்வளவு கதகதப்புத் தரும் என்று கேட்பதற்கு முன், அதைச் சுமக்கும்போது என் கைகள் ஓய்ந்திருக்குமா என்று கேட்கவேண்டும்.

எடைக் கணக்கு

துணியின் எடையை ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று குறிப்பது வழக்கம். போர்வைப் பொதியின் அட்டையில் பெரும்பாலும் அச்சிட்டிருப்பார்கள். ஒன்றரை மீட்டர் அகலமும் இரண்டு மீட்டர் நீளமும் உள்ள போர்வை மூன்று சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 200 கிராம் உள்ள துணியானால் மொத்தம் 600 கிராம். அதே அளவில் 400 கிராம் துணியானால் 1,200 கிராம். கடையில் நின்றபடியே மனக்கணக்காகப் போட்டுவிடலாம். முதியவர் சுமப்பதாயின் 600 கிராமுக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து.

எந்த இழை?

பருத்தி நம் மண்ணின் துணி. சென்னிமலைப் போர்வையும் பவானி ஜமுக்காளமும் வீட்டுக்கு அழகு. ஆனால் பருத்தி காற்றிலுள்ள ஈரத்தையே தன் எடையில் நூற்றுக்கு எட்டுப் பங்கு அளவுக்கு இழுத்து வைத்துக்கொள்ளும்; நனைந்தால் கனக்கும்; காய நேரமாகும்; ஈரத்தோடு போர்த்தினால் உடற்சூட்டை உறிஞ்சிவிடும்.

ஆட்டுமயிர்க் கம்பளி நூற்றுக்குப் பதினாறு பங்கு ஈரத்தை இழுக்கும். எனினும் ஈரத்திலும் ஓரளவு சூடு காக்கும் நற்குணம் அதற்குண்டு. கொடைக்கானல், உதகை போன்ற மலையூர்களில் வண்டியில் சென்று தங்குவோர்க்கு அதைப்போல் வேறில்லை. தோளில் சுமந்து நடப்போர்க்குக் கனம்.

பாலியஸ்டர் இழை நூற்றுக்கு அரைப் பங்கு ஈரத்தைக்கூட இழுப்பதில்லை. அந்த இழையைச் சீவி மயிராக்கிய மென்துணி கடைகளில் 'ஃபிலீஸ்' என்ற பெயரில் கிடைக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து மால்டன் மில்ஸ் என்ற ஆலை 1979 இல் இதை உருவாக்கியது. மயிர்களுக்கிடையே அடைபட்ட காற்றுதான் சூட்டைக் காக்கிறது. மெல்லியதாக இருப்பதால் நனைந்தாலும் பிழிந்து உதறி விரைவில் உலர்த்தலாம். விலையும் கைக்கு எட்டியது. இதற்கு இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, காற்று ஊடுருவும். பலத்த காற்றடித்தால் மேலே ஒரு மெல்லிய விரிப்பைச் சேர்த்துப் போர்த்தவேண்டும். இரண்டாவது, நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். அடுப்பு, கொசுவத்தி, சிகரெட் நெருப்பு எதுவும் அருகில் வரக் கூடாது.

நைலான் துணிக்குள் செயற்கைப் பஞ்சு வைத்துத் தைத்த போர்வை, காற்றையும் தடுக்கும். தேங்காய் அளவுக்குச் சுருங்கவும் செய்யும். அந்த இந்தோனேசியப் பெண்ணிடம் இருந்தது இவ்வகை. விலை சற்றுக் கூடுதல். பறவையின் மென்தூவி வைத்ததும் உண்டு. எடைக்கு எடை அதைவிடச் சூடு தருவது வேறில்லை. ஆனால் நனைந்தால் தூவி கட்டிதட்டிப் பயனற்றுப்போகும். நம்மவர்க்கு அது தேவைப்படாது.

பளபளக்கும் வெள்ளித்தாள் போன்ற ஒன்றையும் விற்கிறார்கள். 1964 இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்காக உருவான தொழில்நுட்பம் அது. மெல்லிய பிளாஸ்டிக் தாளின்மீது அலுமினிய ஆவியைப் படியவைத்தது. ஐம்பது அறுபது கிராம்தான். உடலின் வெப்பத்தை உடலுக்கே திருப்பும். ஆனால் அசைந்தாலே சலசலக்கும். வியர்வை வெளியேறாமல் உள்ளே நனைத்துவிடும். ஆபத்துக்கென்று பையில் ஒன்று கிடக்கட்டும். போர்வையென்று அதை நம்பவேண்டாம்.

இஹ்ராமின் நிபந்தனை

இஹ்ராமிலுள்ள ஆண் தலையையும் முகத்தையும் விட்டு உடலைப் போர்த்திக்கொள்ளலாம். காலுறை அணியக் கூடாதே தவிர, போர்வையால் பாதத்தை மூடுவதில் தடையில்லை. ஓரம் அடித்துத் தைத்த போர்வையால் குற்றமில்லை. தடை செய்யப்பட்டது உடலின் வடிவுக்கேற்பத் தைத்த ஆடையே. ஆனால் பல்லிணைப்பு வைத்து உடலைச் சுற்றி மூடிக்கொள்ளும் உறங்குபை பற்றி ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆதலால் தட்டையான போர்வையே சந்தேகமற்றது. உறக்கத்தில் தலைமீது ஏறிவிட்டால் விழித்தவுடன் விலக்கிவிடவேண்டும்; இதுபற்றிய மேல்விவரங்களை அவரவர் மத்ஹபின்படி உள்ளூர் ஆலிமிடம் கேட்டறிக. மார்பிலிருந்து பாதம்வரை எட்டும் நீளமே ஆணுக்குப் போதும் என்பதால் எடையும் குறையும். பெண்கள் தலையோடு போர்த்தலாம்; முகத்தைத் திறந்திருக்கவேண்டும். திறந்த வெளியில் ஆயிரம் பேர் நடமாட உறங்கும் பெண்ணுக்குப் போர்வை மறைப்புமாகிறது. ஆகவே அவர்களுக்கு அகலமானதும், அடர்ந்த நிறமுள்ளதும் நல்லது.

தரைதான் முதற்பகை

போர்வையை மட்டும் எண்ணுவோர் பாயை மறந்துவிடுகின்றனர். உடலின் பாரத்தால் அடியிலுள்ள துணி நசுங்கி, அதிலுள்ள காற்று வெளியேறிவிடும். பிறகு தரை நேராக உடற்சூட்டை இழுக்கும். எவ்வளவு உயர்ந்த போர்வையும் முதுகுக்குக் கீழே பயன்தராது. ஒரு நல்ல பாய் இருந்தால் போர்வையின் கனத்தில் பாதியைக் குறைக்கலாம். சரளைக்கல்லின் உறுத்தலும் குறையும். உம்மாவின் பத்தமடைப் பாய் அன்று நான்கு பேரைத் தாங்கியது. என் கம்பளி ஒருவருக்கும் உதவவில்லை.

எந்த மாதம்?

சந்திர ஆண்டு, சூரிய ஆண்டைவிடப் பத்துப் பதினொரு நாள் குறைவு. எனவே ஹஜ் ஆண்டுதோறும் முன்னேறிக்கொண்டே வருகிறது. 2024 ஜூனில் மக்காவில் வெப்பம் 51 பாகையைத் தாண்டி, ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த துயரத்தை நாம் மறக்கவில்லை. அத்தகைய கோடையில் மெல்லிய பருத்தி விரிப்பு ஒன்றே போதும். அந்த எடைக்குத் தண்ணீரும் குடையும் கொண்டு செல்லலாம். 2026 இல் ஹஜ் மே மாத இறுதி; 2030 இல் ஏப்ரல் நடுப்பகுதி; 2036 இல் பிப்ரவரி முற்பகுதி. வருங்காலத்தில் செல்வோர்க்குக் குளிர்கால இரவுகள் காத்திருக்கின்றன. மக்காவின் குளிர் நம் மலையூர்க் குளிரைப் போன்றதன்று என்பது மெய். ஆயினும் வெற்றுத்தோளும், வியர்த்து நனைந்த இஹ்ராமும், பள்ளத்தாக்கின் பின்னிரவுக் காற்றும் சேர்ந்தால் முதியவர் நடுங்கிவிடுவார். சென்று வந்தவர் சொல்வதைக் கேட்கும்போது, அவர் எந்த ஆண்டு, எந்த மாதத்தில் சென்றார் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை

போர்வையை வாங்கிவிட்டீர்களா? இரண்டு காரியம் செய்யுங்கள். ஓரிரவு மொட்டை மாடியில் பாயை விரித்து, தலையை மூடாமல் அந்தப் போர்வையோடு உறங்கிப் பாருங்கள். பிறகு அதை இறுகச் சுருட்டி, துணிநாடாவால் கட்டி, குறுக்காகத் தோளில் மாட்டிக்கொண்டு, பஜ்ருக்குப்பின் ஒரு மணி நேரம் நடந்து பாருங்கள். சுமக்கப் போகிறவரே நடக்கவேண்டும். மகன் நடந்து பார்த்துவிட்டு உம்மாவிடம் கொடுக்கக் கூடாது. நடந்து முடித்தபின் இரு கைகளும் ஓய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு கை போர்வைக்கென்று போய்விட்டால், அதை மாற்றுங்கள். சுருட்டின்மீது பெயரையும் முகாம் எண்ணையும் அழியாத மையால் எழுதி, நிறமுள்ள நாடா ஒன்றைக் கட்டிவிடுங்கள். வெள்ளைக் கடலில் நம் பொருளைக் கண்டுபிடிக்க அது உதவும்.

பழைய சேணம் ஒன்றின்மீது, நான்கு திர்ஹம்கூடப் பெறாத ஒரு துணியை விரித்து அமர்ந்து நாயகம் (ஸல்) அவர்கள் ஹஜ்ஜுக்குச் சென்றதாக இப்னுமாஜாவில் அறிவிப்பு உண்டு. பல ஆண்டுகள் அதை மாணவர்களுக்கு எளிமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லிவந்தேன். முஸ்தலிஃபாவுக்குப்பின் அதைச் சொல்லும்போதெல்லாம் என் கம்பளி நினைவுக்கு வந்து குரல் சற்றே தாழ்கிறது.

அந்தப் போர்வை

ஊர் திரும்புமுன் மக்காவில் நானும் ஒரு சாம்பல்நிறப் போர்வை வாங்கினேன். எடை 600 கிராம். உம்மாவுக்கு அது பிடித்துப்போயிற்று. இரயிலில் அதுதான், மகள் வீட்டுக்குப் போனாலும் அதுதான். இறுதிக் காலத்தில் மருத்துவமனையில் அவருக்குத் துணையாக நான் வராந்தாத் தரையில் படுத்திருந்த இரவுகளில், "நீ போத்திக்க வாப்பா, எனக்கு இங்க மெத்தை இருக்கு" என்று அதை என்னிடம் தள்ளிவிடுவார். 2017 இல் அவர் இறைவனளவில் சேர்ந்தார். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்.

இப்போது அப்போர்வை எங்கள் மதரஸா அலமாரியில் இருக்கிறது. புதிது வாங்க வசதியற்ற ஹாஜி ஒருவர் அதை இரவலாகப் பெற்றுச் செல்வார். திரும்பிவந்ததும் துவைத்து மடித்துக் கொண்டுவந்து வைப்பார். அடுத்தவர் எடுத்துச் செல்வார். ஓரங்களில் நூல் பிரிந்து, இருமுறை தைத்தாயிற்று. கொடுக்கும்போது ஒவ்வொருவரிடமும் ஒரே சொல்லைத்தான் சொல்கிறேன். "கூட்டத்தில் நெருக்கினால் இதைப் போட்டுவிடுங்கள். கூட வருபவரின் கையை விட்டுவிடாதீர்கள்."

அடுத்து பயணம் செல்லவிருக்கும் ஹாஜிகள் அனைவரின் ஹஜ்ஜையும் அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக! அவர்களை நலமே சென்று நலமே திரும்பச் செய்வானாக! என் உம்மாவுக்காகவும் ஒரு துஆ செய்யுங்கள். ஆமீன்.